ஒரே அச்சில் மூன்று கிட்டார்கள்

ஜனவரி 11
கப்பலிலிருந்து

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். கடலும் இந்த வாரம் நலம்தான். நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? அவன் முழங்கால் வலி தேவலையா?

ஒரு கெட்ட செய்தி. என் கிட்டார் போய்விட்டது. போன செவ்வாய்க்கிழமை அலை கொஞ்சம் கோபமாக இருந்தது. மேடையில் நின்ற ஆம்ப் பெட்டி தானாக உருண்டு வந்து, நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த என் கிட்டாரின் மேல் கவிழ்ந்துவிட்டது. கழுத்து முறிந்ததோடு நிற்காமல் உடம்பும் நடுவில் பிளந்துவிட்டது. ஒட்டிப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டது, ஆனால் சுருதி நிற்கவில்லை. இப்போது கப்பல் கிடங்கிலிருந்து ஒன்றை இரவல் தந்திருக்கிறார்கள். அதில் கம்பிகளுக்கு அடியில் இருப்பது டபுள் காயில் பிக்கப், இரட்டைச் சுருள். எதை வாசித்தாலும் தடிமன் பிடித்தவன் பாடுவதுபோல இருக்கிறது.

ஜூன் பயணத்திலிருந்து எங்கள் கப்பல் வாத்தியக் குழுவுக்குப் புதுத் தலைவர் வருகிறார். டிரம்பெட் வாசிப்பவர். புகைப்படத்தைப் பார்த்ததுமே 'மீசை' என்று பெயர் வைத்துவிட்டோம். கிட்டார் தனியாக நிற்கிற மாதிரி மூன்று உருப்படிகள் எழுதி அனுப்பியிருக்கிறார். முதல் நாளே வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். பிடித்தால் முன்வரிசை. பிடிக்காவிட்டால் பழையபடி பின்வரிசையில் தாளத்துக்குச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒன்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

எனக்கு ஒற்றைச் சுருள், சிங்கிள் காயில் கிட்டார் ஒன்று வேண்டும், அண்ணி. தெளிவான குரல். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஆறு மணி நேரம்தான் நிற்கிறோம். என்னால் அலைந்து தேட முடியாது. நீங்கள் வேலை பார்க்கிற கிட்டார் கடைக்கு வருவதில் ஒன்றை நீங்களே கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். என் காதைவிட உங்கள் காதைத்தான் நம்புகிறேன்.

பிரியமுள்ள,
உங்கள் நாத்தனார்

பி.கு: துறைமுகத்திலிருந்து இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் அண்ணன்தான் எடுத்தான். நீங்கள் எங்கே ஓடிவிட்டீர்கள்?


பிப்ரவரி 2

அன்பு வாயாடிக்கு,

இங்கே சௌக்கியம். உன் அண்ணனின் முழங்கால் பஸ் டிப்போவுக்கு வேலைக்குப் போகும் நாட்களில் வலிக்கிறது, விடுமுறை நாளில் வலிப்பதில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. அலை அடிக்கிறது என்று பட்டினி கிடக்காதே.

உனக்கு நல்ல நேரம். ஒரு ஓட்டலில் வாசித்துக்கொண்டிருந்த குழு கலைந்துபோய், அவர்களுடைய மூன்று கிட்டார்களும் கடைக்கு வந்திருக்கின்றன. ஒரே கம்பெனி, ஒரே வருடம், எல்லாம் சிங்கிள் காயில். ஒன்று சிவப்பு, ஒன்று பால் வெள்ளை, ஒன்று கறுப்பு. நிறத்தை மறைத்துவிட்டால் எது எது என்று கம்பெனிக்காரனுக்கே தெரியாது.

ஆனால் பிக்கப்பைக் கழற்றினால் தெரிந்துவிடும். ஆறு காந்தக் குச்சிகளைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி எட்டாயிரம் சுற்று. கம்பெனியில் சுற்றியவளின் கவனம் கொஞ்சம் பிசகினால் இருநூறு சுற்று கூடும், இல்லை குறையும். அதிலேயே குணம் மாறிவிடும். சுற்று கூடினால் குரல் தடிக்கும். குறைந்தால் மெலிந்து பளிச்சென்று ஆகும். சுருளின் மின்தடையை அளக்கிற மீட்டரில் சிவப்பு ஐந்தரை, வெள்ளை ஐந்தே முக்கால், கறுப்பு ஆறரை காட்டுகிறது. எடையில் வெள்ளைதான் லேசு. கறுப்பின் கழுத்து தடிமன், உன் சின்னக் கைக்கு ஒத்துவராது.

மூன்றோடும் உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். போன் வேண்டாம். பாதிப் பேச்சைக் கடல் தின்றுவிடுகிறது. கடிதம் என்றால் நிதானமாகப் படிக்கலாம்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 27
கப்பலிலிருந்து

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். சமையல்கட்டு ஆட்கள் எனக்கு நல்ல சிநேகிதம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மீட்டர் எண் இருக்கிறது, எடை இருக்கிறது, கழுத்துத் தடிமன்கூட இருக்கிறது. எப்படி ஒலிக்கிறது என்று மட்டும் ஒரு வரி இல்லை! பெண்ணின் உயரம், எடை, செருப்பு அளவெல்லாம் எழுதிவிட்டு முகம் எப்படி என்று எழுதாத மாதிரி இருக்கிறது.

நீங்கள் முதல்முதலாக நம் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவர், "ரெண்டாவது கம்பி ஒரு முடி இறங்கியிருக்கும்மா" என்று குரல் கொடுத்தீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பார்த்தால் இறங்கித்தான் இருந்தது! அப்படிப்பட்டவர் இப்படி எழுதலாமா?

ஒன்று செய்யுங்களேன். மூன்றையும் கேசட்டில் பதிந்து அனுப்புங்கள்.

பிரியமுள்ள,
நாத்தனார்


மார்ச் 19

அன்பு வாயாடிக்கு,

இங்கே அனைவரும் சுகம். பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. கடையில் வேலை கொஞ்சம் மாறியிருக்கிறது.

கேசட் வேண்டாம். கடையிலிருக்கும் ரெக்கார்டர் எல்லாக் கிட்டாரையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும். எழுத்திலேயே சொல்கிறேன், கேட்டுக்கொள்.

சிவப்பு: காலி கண்ணாடி டம்ளரை ஸ்பூனால் தட்டினால் வரும் சத்தம். பளிச்சென்று வந்து, வந்த வேகத்தில் போய்விடுகிறது. ரொம்ப நேரம் கேட்டால் பல் கூசும்.

வெள்ளை: அதே டம்ளர், கால்வாசி தண்ணீரோடு. பளிச்சென்று இருக்கிறது, ஆனால் உறுத்தவில்லை. போகும்போது சொல்லிக்கொண்டு போகிறது.

கறுப்பு: விடிகாலையில் முதல் வண்டி டிப்போவை விட்டுக் கிளம்புகிறது. இரண்டாவது கியர் விழுந்ததும் ஒரு உறுமல் வருமே, அது. நல்ல உறுமல்தான். உன் வேலைக்கு ஆகாது.

சிவப்பும் வெள்ளையும் கிட்டத்தட்ட ஒன்று. அந்தக் 'கிட்டத்தட்ட'வில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 6
கப்பலிலிருந்து

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் கடிதத்தை பேஸ் கிட்டார் வாசிக்கிற அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். இரண்டாவது கியரில் அவள் சிரித்த சிரிப்பில் காபி கொட்டிவிட்டது. ஆனால் புரிந்தது அண்ணி! முதல்முறையாக மூன்றும் மூன்று ஆளாகத் தெரிந்தன.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். மீசையின் இரண்டாவது உருப்படி முழுக்கச் சுவிட்சை முன் பிக்கப்புக்கும் நடுப் பிக்கப்புக்கும் இடையில், நாம் நடு நிலை என்கிற இடத்தில் வைத்து, இரண்டும் சேர்ந்து பேச வாசிக்க வேண்டியது. அந்த நிலையில் மூன்றும் எப்படி இருக்கின்றன? இன்னொன்று, இரைச்சல். சிங்கிள் காயில் என்றாலே 'உம்'மென்று முனகும், தெரியும். இங்கே கீழே ஜெனரேட்டர், மேலே மேடை விளக்கு. முனகல் பாட்டைவிடப் பெரிதாக இருந்தால் பயணிகள் எழுந்து போய்விடுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்திலிருந்து போன் செய்தேன். வழக்கம்போல அண்ணன். மூச்சு வாங்க ஓடிவந்து எடுத்தான். "அண்ணி கடைக்குப் போயிருக்கா" என்றான். ஞாயிற்றுக்கிழமை ஏது கடை? அவன் பேசப் பேசப் பின்னால் யாரோ ஒரு கிட்டாரை ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டேன். "ரேடியோ" என்றான். எந்த ரேடியோவில் ஒரே கம்பியைப் பத்து நிமிடம் தட்டுகிறார்கள்?

பிரியமுள்ள,
நாத்தனார்


ஏப்ரல் 24

அன்பு வாயாடிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

நடு நிலை. சிவப்பு: ஈரத் துணியை உதறினால் வரும் சத்தம். வெள்ளை: காய்ந்த துணியை உதறினால் வரும் சத்தம். கறுப்பு: துணி இன்னும் கொடியிலேயே இருக்கிறது.

வெள்ளையையே எடுக்கலாம் என்று நினைக்கிறேன். முனகல் பற்றி யோசிக்கிறேன்.

கடைக்கு இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் போகிறேன். மற்றபடி ஒன்றுமில்லை.

அன்புடன்,
அண்ணி


மே 3
கப்பலிலிருந்து

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். இந்தத் தடவை உங்கள் நலத்தை ஒப்புக்கு விசாரிக்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

'துணி இன்னும் கொடியிலேயே இருக்கிறது.' இதைப் படித்ததும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இது உங்கள் பேச்சு இல்லை, அண்ணி. நான் பள்ளிக்கூடத்தில் முதல் பாட்டு வாசித்தபோது, "சட்டை நல்ல சட்டைதான், இன்னும் இஸ்திரிக்குப் போகல" என்று சொன்னவன் ஒருத்தன் இருக்கிறான். அவனுக்கு உலகத்தில் இரண்டே பொருள்தான். ஒன்று பஸ், இன்னொன்று துணி. கிட்டாருக்கும் பிரஷர் குக்கருக்கும் வித்தியாசம் தெரியாதவன்.

மீட்டர் எண் உங்களுடையது. டம்ளரும் கியரும் துணியும் அண்ணனுடையவை.

அந்த மூன்று கிட்டார்களையும் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அண்ணி? நீங்கள் ஏன் கேட்கவில்லை?

சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். ஆனால் 'மற்றபடி ஒன்றுமில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள்.

நாத்தனார்


மே 17

தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நான் கடிதம் எழுதிப் பல வருடமாகிறது. பிழை இருந்தால் சிரிக்காதே. நாங்கள் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம்.

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாயிற்று. உன் அண்ணி படித்துவிட்டு, மடித்து, செம்புக் கம்பி வைக்கும் டிராயரில் போட்டுவிட்டாள். தினமும் கேட்கிறேன். "எழுதறேன்" என்கிறாள். நேற்று, "நான் எழுதட்டுமா?" என்று கேட்டேன். "என்னமோ பண்ணுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அவளுக்குக் காது கேட்பது போய்க்கொண்டிருக்கிறது. போன ஆகஸ்டில் ஒரு நாள் காலை எழுந்தபோது இடது காதில் ஒன்றுமே இல்லை. வலது காது கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. உச்சக் குரல், பறவைச் சத்தம், அழைப்பு மணி எல்லாம் போய்விட்டன. நரம்பு என்கிறார் டாக்டர். திரும்பி வராதாம். கருவி வைத்துக்கொண்டால் எதிரே உட்கார்ந்து பேசுபவர் பேச்சு புரிகிறது. போனில் வெறும் இரைச்சல்தான்.

உன்னிடம் சொல்லலாம் என்று முதலிலேயே சொன்னேன்.

"சொன்னா, ஐயோ பாவம் அண்ணின்னு நினைப்பா. அப்புறம் எங்கிட்ட எதையும் கேக்கமாட்டா" என்றாள். "ஒவ்வொரு கம்பி மாத்தும்போதும் எங்கிட்டதானே கேக்கறா. அது நின்னுபோயிடும்."

பிறகு ஜனவரியில் கிட்டார் கேட்டு உன் கடிதம் வந்தது. கிட்டார்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குக் கொண்டுவருவோம். நான் ஸோபாவில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவேன். அவள் கிட்டார் உடம்பின் மேல்பக்கக் கொம்பில் தாடையை அழுத்திக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகத் தட்டுவாள். எலும்பு வழியாக ஏதோ கொஞ்சம் தெரிகிறதாம். மீதி என் பாடு.

"சொல்லுங்க."

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லாங்கறது பதில் இல்ல. எப்படி ஆரம்பிக்குது? எப்படி முடியுது?"

"டிங்குன்னு ஆரம்பிக்குது."

"டிங்கா, ட்யாங்கா?"

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான்மா, விட்டுடு."

"உங்களுக்குத் தெரிஞ்சது எதையாவது வச்சு சொல்லுங்க. பஸ்ஸு, பாத்திரம், எதுவானாலும் சரி."

அப்படித்தான் டம்ளர் வந்தது. நீ அன்றைக்குப் போனில் கேட்டது அவள் தட்டியதுதான். போன் அடித்தது அவளுக்குத் தெரியாது.

முதல் மாதம் எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் இருந்தன. இப்போது தெரிகிறது. சத்தியமாகத் தெரிகிறது. போன வாரம் டிப்போவுக்குள் ஒரு வண்டி நுழையும்போதே, "பெல்ட் தளர்ந்திருக்கு" என்று சொன்னேன். மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அவள் இதுவரை அழவில்லை. நான்தான் ஒரு நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அப்புறம்தான் உறைத்தது, குழாயைத் திறக்கவே தேவையில்லை என்று.

அவளிடம் வருத்தப்பட்டு எழுதாதே. கிட்டாரைப் பற்றி எழுது.

அண்ணன்


மே 29

அன்பு வாயாடிக்கு,

நலமா? உன் அண்ணன் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார். ஒரு வகையில் நிம்மதி. இனிமேல் போனுக்குச் சாக்கு தேட வேண்டாம்.

மறைத்தது தப்புத்தான். திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து, என் வலது பக்கம் நின்று திட்டு. இடது பக்கம் திட்டினால் வீண்.

கடை முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். சுருதி பார்க்கிற வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். பிக்கப் சுற்றுகிற வேலை என்னிடமே இருக்கட்டும் என்றார். "உங்க கை மாதிரி யாருக்கும் வராது" என்றார், இரண்டு தடவை. முதல் தடவையே கேட்டுவிட்டது. இரண்டாம் தடவைக்காகக் கேட்காத மாதிரி இருந்தேன்.

வெள்ளைக் கிட்டார் இந்தக் கடிதத்தோடு உங்கள் கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்கு வருகிறது. முனகலுக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். அந்த வருடத்துக் கிட்டார்களில் மூன்று பிக்கப்பும் ஒரே பக்கமாகச் சுற்றியிருக்கும். நடுவில் இருப்பதை மட்டும் கழற்றி, காந்தத்தைத் தலைகீழாக்கி, கம்பியை எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டேன். இனி நடு நிலையில் ஒன்றின் முனகலை இன்னொன்று விழுங்கிவிடும். எட்டாயிரம் சுற்று, இரண்டு நாள். கம்பி இழுபடுவது விரலுக்குத் தெரியும். அதற்குக் காது வேண்டியதில்லை.

சுற்றி முடித்ததும் உன் அண்ணன் கேட்டுப் பார்த்தார். "ஃபேனை நிறுத்தின மாதிரி இருக்கு" என்றார்.

ஆனால் இது எப்படிப் பாடுகிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் என் கையை விட்டுப் போகிற முதல் கிட்டார் இது. நீதான் வாசித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்காக இனிப்புத் தடவாமல் சொல்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 30
கப்பலிலிருந்து

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் வலது காது நலமா? கருவி உறுத்தாமல் இருக்கிறதா?

அண்ணன் வருத்தப்பட்டு எழுதாதே என்று சொல்லியிருந்தான். அவன் கடிதம் கிடைத்த பிறகு நாலு கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். எல்லாவற்றிலும் வருத்தம்தான் இருந்தது. அதனால்தான் தாமதம். கிட்டார் வந்ததும் எழுதச் சுலபமாகிவிட்டது.

முதல் நாள் சாயங்காலம் காலியான அரங்கில் மீசை முன்வரிசையில் தனியாக உட்கார்ந்தார். நேரில் மீசை இன்னும் பெரிது. முதல் உருப்படி, கழுத்துப் பக்கத்து முன் பிக்கப். சுரம் நிதானமாக மலர்ந்தது. நடுவில் ஒரு இடத்தில் விரலைத் தூக்கிவிட்டு ஒரு முழு அடி சும்மா நிற்க வேண்டும். நின்றேன். அது போகும்போது சொல்லிக்கொண்டு போனது. இரண்டாவது உருப்படிக்கு நடு நிலைக்கு மாற்றினேன். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி அமைதி. கீழே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, தரையில் அதிர்ந்தது, கிட்டாரில் இல்லை. மீசை எழுந்து வந்து ஆம்ப் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்தார்!

மூன்றாவதில் சொதப்பிவிட்டேன். அது டிரம்பெட்டுக்குப் போய்விட்டது. முதல் இரண்டும் எனக்கு. நேற்று முன்வரிசையில் நின்று வாசித்தேன், அண்ணி. ஒன்பது வருடத்தில் முதல்முறையாகப் பயணிகளின் முகம் தெரிந்தது. பின்வரிசையிலிருந்து பார்த்தால் பாடகரின் முதுகுதான் தெரியும்.

"இதை யாரும்மா செட் பண்ணாங்க?" என்று மீசை கேட்டார். "எங்க அண்ணி" என்றேன். "அவங்க காதுக்கு ஒரு கும்பிடு" என்றார். "கைக்குப் போடுங்க சார்" என்றேன்.

இனிப்புத் தடவாமல் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். மூன்றாவது கம்பி மட்டும் மற்றவற்றைவிடக் கத்துகிறது. கூட்டத்தில் முந்திக்கொண்டு பேசுகிற ஆள் மாதிரி. தனியாக வாசிக்கும்போது தெரியவில்லை. சேர்த்து மீட்டினால் அதுதான் முன்னால் நிற்கிறது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன். எதைத் திருக வேண்டும்? அந்தக் காந்தக் குச்சியைக் கொஞ்சம் உள்ளே அழுத்தலாமா?

பிரியமுள்ள,
நாத்தனார்


ஜூலை 14

அன்பு வாயாடிக்கு,

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வை!

குச்சியை அழுத்தினாயோ, உள்ளே கம்பி அறுந்துபோகும். நான் இரண்டு நாள் உட்கார்ந்து சுற்றிய எட்டாயிரமும் போச்சு. அழுத்தியிருந்தால் வீட்டுப் பக்கமே வராதே. அழுத்தவில்லை என்றால் மேலே படி.

அந்தக் காலத்தில் மூன்றாவது கம்பி சுருள் சுற்றிய கம்பியாக இருந்தது. அதன் குரல் மந்தம். அதனால் அதற்குக் கீழே இருக்கும் குச்சியை மட்டும் உயரமாக வைத்தார்கள். இப்போது எல்லாரும் வெறும் கம்பி போடுகிறோம். குச்சி பழைய உயரத்திலேயே நிற்கிறது. அதனால்தான் கத்தல். அடுத்த முறை கம்பி மாற்றும்போது மூன்றாவதை மட்டும் ஒரு அளவு மெல்லியதாகப் போடு. பிக்கப்பின் இரண்டு பக்கத் திருகுகளில், மெல்லிய கம்பிகளின் பக்கம் இருப்பதை அரைச் சுற்று இறக்கு. அரைச் சுற்றுதான். உன் கை தாராளம் எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏப்ரலிலேயே உன் அண்ணன், "மூணாவது மட்டும் கத்துதே" என்று சொன்னார். "உங்களுக்கு என்ன தெரியும், பேசாம இருங்க" என்று வாயை அடைத்துவிட்டேன். உன் கடிதம் வந்த நாளிலிருந்து வீட்டில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடக்கிறார். முழங்கால் வலியைக் காணோம். நேற்று கடைக்கே வந்துவிட்டார். சிவப்புக் கிட்டாரை வாங்க வந்தவரிடம், "காலி டம்ளர் சார், யோசிச்சு எடுங்க" என்கிறார். முதலாளி அவரைக் கையோடு வெளியே கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் நன்றாக இருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்த அன்று கொஞ்சம் அழுதேன். முன்வரிசைக்காக இல்லை, மூன்றாவது கம்பிக்காக. நல்லா இருக்கு அண்ணி என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வாயோ என்று ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

அரைச் சுற்று இறக்கியபின் எப்படி இருக்கிறது என்று எழுது. வேறு என்ன குறை என்றும் எழுது. குறையே இல்லை என்று எழுதினால் நம்பமாட்டேன்.

உன்
அண்ணி